படிக்க வந்த இடத்தில் சனிக்கிழமை ஊர் சுற்றல்: ஷெஃபீல்டிலிருந்து எங்கே போகலாம்?

பஞ்சாலைமகள் | 12 அக்டோபர் 2025, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில்தான் ஷெஃபீல்டுக்கு எம்எஸ்சி படிக்க வந்தேன். சொந்த ஊர் ராஜபாளையம். ஒரு வருடப் படிப்பு. வார நாட்களில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையில் வேலை. கையில் மிஞ்சுவது சனிக்கிழமை மட்டும்.

ஷெஃபீல்டில் பார்க்க வேண்டியதை ஓரளவு பார்த்துவிட்டேன். கெல்ஹம் ஐலண்ட் மியூசியத்தில் 1905இல் செய்த ரிவர் டான் நீராவி இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். பன்னிரண்டாயிரம் குதிரைத்திறன். அது திரும்பும்போது காலுக்குக் கீழே தரையே அதிர்ந்தது. 1913இல் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியதும் இந்த ஊரில்தான். அம்மாவிடம் சொன்னேன், 'நம்ம வீட்டு எவர்சில்வர் குடம், சம்படம் எல்லாத்துக்கும் ஆரம்பம் இந்த ஊரும்மா' என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'சரி, அங்க பாத்திரம் என்ன விலை' என்று கேட்டார்.

இனி வெளியூர் போக ஆசை. மாதம் நாற்பது பவுண்ட் வரை ஒதுக்க முடியும். என் கேள்விகள்:

ரயில் கட்டணம் பயமுறுத்துகிறது. ரயில்கார்டு என்னும் கட்டணச் சலுகை அட்டை வாங்கலாமென்றால் எனக்கு வயது 27. இருபத்தைந்து வரைதான் என்கிறார்களே?

தனியாகப் போகலாமா? வகுப்பில் உள்ளவர்கள் எல்லோரும் லண்டன், லண்டன் என்றே பேசுகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்விக்கடன் வாங்கித்தான் வந்திருக்கிறேன். போட்டோ போட்டால், 'படிக்கப் போனாளா, சுற்றிப் பார்க்கப் போனாளா' என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அதை நினைத்தாலே டிக்கெட் எடுக்கக் கை வரவில்லை.

---

லீட்ஸ் வெண்ணிலா | 12 அக்டோபர்

முதலில் ரயில்கார்டு. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 26 வயதைத் தாண்டியவர்களும் முழுநேர மாணவர்களாக இருந்தால் அதே 16-25 கார்டை வாங்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் உறுதிசெய்து தர வேண்டும், அவ்வளவுதான். வருடத்துக்கு 35 பவுண்ட். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நான்கைந்து பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும். வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போனால் 12 பவுண்ட் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு விதி உண்டு. சனிக்கிழமைக்கு அது கிடையாது.

அடுத்தது பஸ். இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாதென்று 2025 முழுக்க உச்சவரம்பு இருக்கிறது. தூரம் கணக்கில்லை. லீட்ஸிலிருந்து யார்க் வழியாக விட்பிக் கடற்கரைக்குப் போகும் கோஸ்ட்லைனர் 840 மேல்தளத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து போயிருக்கிறேன். மூர் என்று இவர்கள் சொல்லும் பொட்டல் மேட்டுநிலம் முழுக்க ஊதாப்பூ பூத்திருந்தது. அதை ஆகஸ்டில் பாருங்கள்.

டிக்கெட்டில் ஒரு விஷயம். முன்கூட்டியே எடுக்கும் 'அட்வான்ஸ்' மலிவுதான், ஆனால் எந்த ரயிலுக்கு எடுத்தீர்களோ அந்த ரயிலில்தான் ஏற வேண்டும். வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போகவும் முடியாது. பகல் பயணத்துக்கு 'ஆஃப்-பீக் டே ரிட்டர்ன்', அதாவது நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரே நாளில் போய்வரும் டிக்கெட், எனக்குப் பிடிக்கும். ஒரு வழிக்கும் போய்வரவும் பல தடங்களில் சில்லறை வித்தியாசம்தான் இருக்கும். மாலையில் எந்த ரயிலில் வேண்டுமானாலும் திரும்பலாம். மழை வந்தால் சீக்கிரம், வெயில் அடித்தால் தாமதமாக.

---

கொக்குவிலான் | 12 அக்டோபர்

தங்கச்சி, நான் லண்டனுக்கு வந்து முப்பது வருசம் தாண்டிவிட்டது. முதல் ஐந்து வருசம் வேலை, அறை, வேலை, அறை. ஒரு இடமும் பார்க்கவில்லை. காசை மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினேன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஐந்து வருசத்தில் இந்த நாடு எனக்கு வெறுப்பாகவே இருந்தது. மழை, இருட்டு, முகம் பார்க்காத சனம் என்றுதான் தெரிந்தது. ஒருநாள் ஒரு நண்பர் கட்டாயப்படுத்திக் கேன்டர்பரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் இதுவும் மனிசர் வாழுற நாடு என்று மனதுக்குப் பட்டது.

படிப்பும் ஊர் பார்க்கிறதும் ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை. ஆறு நாள் அறைக்குள் கிடந்தால் ஏழாம் நாள் புத்தகமும் ஏறாது. மாதம் நாற்பது பவுண்டுக்காக உங்கள் கடன் கூடப் போவதில்லை. சொந்தக்காரருக்குப் படம் காட்டுவதென்றால் காட்டுங்கோ, இல்லையென்றால் விடுங்கோ.

ஒன்று மட்டும் சொல்லுவன். ஒரு நாளைக்கு ஓர் ஊர். இரண்டாவது ஊரைச் சேர்க்காதீர்கள்.

---

நாகைக்காரன் | 13 அக்டோபர்

அண்ணன் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை, மன்னிக்கவும். முப்பது வருடம் இங்கே இருப்பவர் ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று நிதானமாகப் பார்க்கலாம். எங்களுக்கு ஒரு வருடம். அதிலும் பரீட்சை, ஆய்வறிக்கை, வேலை தேடல் போக மிஞ்சுவது இருபது சனிக்கிழமை இருந்தால் அதிகம். வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மறுபடி எப்போது வருவோம்?

நான் லண்டனிலிருந்து கோச் டூரில் விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூன்றையும் ஒரே நாளில் பார்த்தேன். காலையில் ஏற்றிக்கொண்டு இரவு இறக்கிவிட்டார்கள். ஸ்டோன்ஹெஞ்ச் பார்த்தேன் என்று என் பாட்டிக்குச் சொல்ல முடிந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த கல்லை நேரில் பார்ப்பது சின்ன விஷயமா? பெயர்பெற்ற இடங்களை முதலில் பார்த்துவிடுங்கள். சின்ன ஊர்களை நேரமிருந்தால் பார்க்கலாம்.

---

லீட்ஸ் வெண்ணிலா | 13 அக்டோபர்

நாகை, பாத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?

---

நாகைக்காரன் | 13 அக்டோபர்

ஒன்றரை மணி நேரம். ரோமன் குளியல் மண்டபத்துக்குள் போக நேரமில்லை. வெளியிலிருந்து பார்த்தோம்.

---

லீட்ஸ் வெண்ணிலா | 13 அக்டோபர்

அதைத்தான் சொல்ல வந்தேன். நிலத்தடியிலிருந்து 46 டிகிரி சூட்டில் வெந்நீர் ஊறி வருகிறது. ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அதைச் சுற்றி ரோமானியர் கட்டிய மண்டபத்தில் அந்த ஆவியின் வாசனை இன்றும் இருக்கிறது. ஊருக்குள்ளே போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்பினீர்கள் என்பதுதான் என் வருத்தம். உங்கள் மேல் குறை சொல்லவில்லை, மூன்று இடத்தை ஒரு நாளில் அடைத்தால் அப்படித்தான் ஆகும்.

ஸ்டோன்ஹெஞ்சை விட வேண்டாம். சால்ஸ்பரிக்கு ரயிலில் போங்கள், ஸ்டேஷனிலிருந்தே கல்லுக்கு பஸ் உண்டு. திரும்பி வந்து சால்ஸ்பரி கதீட்ரல். கோபுர உயரம் 123 மீட்டர், இந்த நாட்டுத் தேவாலயங்களில் அதுவே உயரம். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட 1215ஆம் வருட மேக்னா கார்ட்டா சாசனத்தில் மிஞ்சியிருக்கும் நான்கு படிகளில் ஒன்று உள்ளே இருக்கிறது. கல்லும் கதீட்ரலும் சேர்ந்து ஒரே ஊர்ப் பயணம்தான். ஆனால் ஷெஃபீல்டிலிருந்து அது ரொம்ப தூரம். தங்கிப் பார்க்க வாய்ப்பு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். வடக்கில் இருப்பவருக்கு யார்க்தான் முதல் ஊர்.

---

மலைநடையன் | 14 அக்டோபர்

மான்செஸ்டரிலிருந்து எழுதுகிறேன். ஷெஃபீல்டில் இருந்துகொண்டு எங்கே போவது என்று கேட்கிறீர்களே, உங்கள் வாசலிலேயே பீக் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது. 1951இல் இந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் போகும் மெதுவான ரயிலில் ஏறி ஈடேலில் இறங்குங்கள். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்டேஷனை விட்டு வந்தாலே மலை. ஹாலின்ஸ் கிராஸ் வரை ஏறினால் அங்கிருந்து மலைமுகடு வழியாக மாம் டோர் உச்சி, 517 மீட்டர். வழியெல்லாம் கற்பலகை பாவியிருக்கிறார்கள், தடம் தவறாது. மறுபக்கம் இறங்கும்போது ஒரு தார் ரோட்டைப் பார்ப்பீர்கள். மலை சரிந்து சரிந்து ரோடு அப்பளம்போல் நொறுங்கிக் கிடக்கும். சரிசெய்து பார்த்து முடியாமல் 1979இல் கைவிட்டார்கள். அப்புறம் காசில்டன் ஊர், அங்கிருந்து வயல் ஓரமாக நடந்தால் ஹோப் ஸ்டேஷன். திரும்பும் ரயில் அங்கேயே கிடைக்கும்.

இன்றைக்கு நாம் சும்மா நடக்கும் இந்த மேடுகள் ஒரு காலத்தில் பணக்காரர்கள் வேட்டைக்கு வேலி போட்டு வைத்தவை. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மில் தொழிலாளர்களும் வேலையில்லாத இளைஞர்களுமாக நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே கிண்டர் ஸ்கவுட் மலை மேல் ஏறினார்கள். மான்செஸ்டர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், ஷெஃபீல்ட் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். ஈடேலிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிவது அந்தக் கிண்டர்தான்.

எச்சரிக்கை: அக்டோபர் 26ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அதன்பின் நாலரைக்கே இருட்டும், டிசம்பரில் நாலு மணிக்குள். மலைக்கு இந்த மாதமே போய்விடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. தனியாகப் போனால் வழியை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

---

பஞ்சாலைமகள் | 19 அக்டோபர்

நேற்று யார்க் போய்வந்தேன். ரயில்கார்டும் வாங்கிவிட்டேன்!

ஷெஃபீல்டிலிருந்து ஒரு மணி நேரம். கோட்டைச் சுவர் மேலேயே ஊரைச் சுற்றலாம், மொத்தம் மூன்றரை கிலோமீட்டர் வரும், காசு கிடையாது. கோட்டை வாசலை இங்கே 'பார்' என்கிறார்கள்; 'பூதம் பார்' வாசலிலிருந்து 'மாங்க் பார்' வாசல் வரை உள்ள துண்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பக்கம் வீடுகளின் பின்கட்டு, கொடியில் காயும் துணி, ஆப்பிள் மரம். அதற்கு மேலே மின்ஸ்டர் தேவாலயம் எழுந்து நிற்கிறது. நம் ஊரில் கோயில் மதில் பக்கம் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி.

ரயில் மியூசியம் இலவசம். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிய மல்லார்ட் இன்ஜின் நீல நிறத்தில் நிற்கிறது. நீராவி இன்ஜினில் அந்த வேகத்தை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லையாம்.

கிளிஃபர்ட்ஸ் டவர் இருக்கும் மேட்டுக்கும் போனேன். 1190இல் ஊர்க் கும்பலுக்குப் பயந்து யூதக் குடும்பங்கள் அங்கிருந்த கோட்டைக்குள் ஒளிந்தார்கள், ஏறக்குறைய நூற்றைம்பது பேர் இறந்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் படித்தேன். அதற்குப் பிறகு அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்து சாப்பிட மனம் வரவில்லை. ஆற்றோரம் போய்த்தான் சாப்பிட்டேன்.

மின்ஸ்டருக்குள் போக டிக்கெட் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. வாசலில் இருந்த ஒரு பெரியவர், 'மாலைப் பாட்டு வழிபாட்டுக்கு வா, அதற்குக் காசில்லை, யாரும் வரலாம்' என்றார். போனேன். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஒலி மேலே கூரை வரை போய்க் கொஞ்சம் தாமதித்துக் கீழே வருகிறது. மொழி முழுக்கப் புரியவில்லை. மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்திருந்தது ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

ஒரே ஊர், காலை பத்து முதல் மாலை ஆறு வரை. கொக்குவில் அண்ணா, நீங்கள் சொன்னபடிதான் செய்தேன்.

---

தென்காசி மாறன் | 20 அக்டோபர்

படிக்கவே நிறைவாக இருந்தது சகோதரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு நடக்கக் கூடாது. போன வருடம் லிவர்பூல் போய்விட்டுத் திரும்பும்போது போன் சார்ஜ் செத்துவிட்டது. டிக்கெட்டும் ரயில்கார்டும் போனுக்குள். பரிசோதகர் வந்தார். கெஞ்சிப் பார்த்தேன். விதி விதிதான் என்று புது டிக்கெட் எழுதிவிட்டார், முழுக் கட்டணம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 100 பவுண்டும் அதற்கு மேல் ஒரு வழிக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அந்த நூறு பாதியாகும்.

அன்றிலிருந்து டிக்கெட்டை ஸ்டேஷன் மெஷினில் காகிதமாக எடுத்துவிடுகிறேன். கையில் ஒரு பவர்பேங்க். ரயில்கார்டைக் காட்ட முடியாமல் கூடுதல் காசு கட்ட நேர்ந்தால் வருடத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், ரசீதைத் தொலைக்காதீர்கள். ரயில் தாமதமானாலும் இழப்பீடு கேட்கலாம். பல கம்பெனிகளில் 15 நிமிடம் தாண்டினாலே உண்டு. நான் எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன்.

---

காரைக்குடி ஆச்சி மகன் | 20 அக்டோபர்

சைவம் சாப்பிடுகிறவன் வெளியூர் போனால் என்ன செய்வது? இரண்டு முறை சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டே நாளைக் கழித்தேன்.

---

லீட்ஸ் வெண்ணிலா | 20 அக்டோபர்

புளியோதரை. வேறு பதிலே இல்லை. காலையில் கிளறி ஆறவைத்து டப்பாவில் அடைத்தால் இந்தக் குளிரில் சாயங்காலம் வரை ஒன்றும் ஆகாது. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் சோறு குளிரில் விறைத்துவிடும். நான் பிளாஸ்கில் ரசமும் கொண்டுபோவேன். குழாய்த் தண்ணீர் எங்கும் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

---

டெர்பி மலர் | 21 அக்டோபர்

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சாலைமகள் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா மில்லில் வேலை பார்த்தாரா? அப்படியானால் நீங்கள் போக வேண்டிய ஊர் கிராம்ஃபோர்ட். எங்கள் டெர்பியிலிருந்து மாட்லாக் போகும் சின்ன ரயிலில் அரை மணி நேரம்.

1771இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சு நூற்பாலையை அங்கேதான் தொடங்கினார். அதற்கு முன் நூற்பு வீட்டுக்குள் நடந்த வேலை. ஷிப்ட், மணியடித்தால் வேலைக்குப் போவது, ராவும் பகலும் இயந்திரம் ஓடுவது, இதெல்லாம் நூற்புக்கு அங்கேதான் பழகியது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

இதில் நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த பருத்தித் துணிக்கு இங்கே அவ்வளவு கிராக்கி. கம்பளி, பட்டு நெய்கிறவர்கள் போட்ட கூச்சலில் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டு அச்சடித்த பருத்தித் துணியைத் தடுத்தார்கள். ஆனால் இவர்களால் நம் துணிமாதிரி நெய்யவும் முடியவில்லை. கையில் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்கு, தாங்கவில்லை. பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். பாவுக்குத் தாங்கும் பருத்தி நூலைக் கொடுத்தது ஆர்க்ரைட்டின் இயந்திரம்தான். உடனே 1774இல் சட்டத்தையும் தங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் நம் தறிகளுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

அதே ரயிலின் கடைசி ஸ்டேஷன் மாட்லாக். 1917-18இல் கணிதமேதை ராமானுஜன் நோயாளியாகப் பல மாதம் அங்கே ஒரு சானட்டோரியத்தில் இருந்தார். கேம்பிரிட்ஜுக்குப் போகிற நம்மவர் எல்லோரும் டிரினிட்டி கல்லூரியில் அவரைத் தேடுவார்கள். மாட்லாக்கை யாரும் நினைப்பதில்லை. குளிராலும் சாப்பாட்டாலும் அவர் அங்கே பட்ட பாடு கடிதங்களில் பதிவாகியிருக்கிறது. ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் அறிஞர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது அதே 1918இல்தான். பேங்க் ரோடு என்று செங்குத்தாக ஒரு தெரு, அதில் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போதெல்லாம் கும்பகோணத்துப் பிள்ளை இந்தக் குளிரை எப்படித் தாங்கினார் என்றே தோன்றும்.

---

ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவன் | 22 அக்டோபர்

தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு வரி. ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் மியூசியம் இலவசம். கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து போன திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை 1967இல் ஏலத்தில் வாங்கியது இந்த மியூசியம்தான். 1957இல் கோயிலுக்குள் எடுத்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுத்தான் அது அந்தச் சிலை என்று தெரிந்தது. திருப்பிக் கொடுக்க 2024இல் பல்கலைக்கழகம் சம்மதித்தது. இங்கே உள்ள மற்ற சிலைகளையும் பார்க்கும்போது, எந்த ஊர்ப் பீடத்திலிருந்து வந்தது என்று என் மனம் கேட்காமல் இருப்பதில்லை.

---

கொக்குவிலான் | 22 அக்டோபர்

பிரைட்டனுக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள் அநேகம் பேர். ஊருக்கு வெளியே, பேட்சம் பக்கத்து மேட்டில் சத்ரி என்று ஒரு வெள்ளைக்கல் மண்டபம் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியப் படைவீரர் பலரை பிரைட்டன் அரண்மனையில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். இந்துக்களுக்கு, முஸ்லிம்களுக்கு என்று வேறுவேறு அடுக்களை, வேறுவேறு தண்ணீர்க் குழாய். இறந்த இந்து, சீக்கிய வீரர் ஐம்பத்துமூன்று பேரை அந்த மேட்டில் தகனம் செய்தார்கள். அந்த இடத்திலேயே 1921இல் மண்டபம் எழுந்தது.

கார் போகாது. ஆடு மேயும் புல்வெளிக்குள்ளால் நடக்க வேணும். நான் போன அன்று ஒருத்தரும் இல்லை. காற்று மட்டும். தூரத்தில் கடல் தெரிந்தது. கொண்டுபோன பூவை வைத்துவிட்டுக் கனநேரம் நின்றேன்.

---

பஞ்சாலைமகள் | 26 அக்டோபர்

நேற்று ஈடேல். என் வகுப்புத் தோழிகள் இருவரோடு போனேன். மலைநடையன் சொன்ன அதே வழி. உச்சியில் நிற்கவே முடியாத காற்று. இறங்கும்போது பாதி வழியில் மழை. ஆனாலும் அந்த நொறுங்கிய தார் ரோட்டில் நடுவிலிருந்த வெள்ளைக்கோடு இன்னும் தெரிகிறது! உடைந்த துண்டுகளின் மேல் மேலும் கீழுமாகப் போகிறது. அதன் மேல் நின்று போட்டோ எடுத்தோம். போட்டோவைத் தவிர மற்றதெல்லாம் நனைந்துவிட்டது.

மலர் அக்கா, அப்பா இன்னும் மில்லில்தான் இருக்கிறார், ஃபிட்டர். தாத்தா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்தவர். நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அடுத்த பயணம் எது என்று இனி யோசிக்க வேண்டியதில்லை.

---

பஞ்சாலைமகள் | 9 நவம்பர்

கிராம்ஃபோர்ட் போய்வந்துவிட்டேன். தனியாகத்தான் போனேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெர்பியில் மாறி ஏறிய ரயிலில் இரண்டே பெட்டிகள். ஆற்றைத் தாண்டித் தாண்டிப் போகிறது. கிராம்ஃபோர்ட் ஸ்டேஷனில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம், இறங்கியது நானும் ஒரு நாயோடு வந்த தாத்தாவும்தான். பத்து நிமிட நடையில் மில். முற்றத்தில் நின்று பார்த்தால் கோட்டைபோல் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் கீழ்த்தளத்தில் ஜன்னலே வைக்கவில்லை. இயந்திரத்தின் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது, வேலை போய்விடுமென்று பயந்தவர்கள் வந்து உடைத்துவிடவும் கூடாது, அதனால்தான் இப்படி என்று வழிகாட்டி அம்மா சொன்னார்.

தண்ணீரைப் பற்றி அவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது. மில்லை ஓட்டியது ஆறு இல்லை. ஓர் ஓடையும், மலைக்குள் ஈயச்சுரங்கத்திலிருந்து வடிந்து வரும் வாய்க்காலும். சுரங்கத் தண்ணீர் மண்ணுக்கடியிலிருந்து வருவதால் இளஞ்சூடாக இருக்கும், எவ்வளவு குளிரிலும் உறையாது. ஆர்க்ரைட் இந்த ஊரைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாம்.

அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே மதியம் பன்னிரண்டு, அங்கே மாலை ஐந்தரை. முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். இயந்திரத்தின் படத்தைக் காட்டினேன். ஜோடி ஜோடியாக ரோலர்கள். ஒவ்வொரு ஜோடியும் அதற்கு முந்தையதைவிட வேகமாகச் சுற்றும். நடுவில் பஞ்சு நீண்டு மெலியும். கீழே கதிர் முறுக்கேற்றும். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். 'கிட்டக் கொண்டு போ' என்றார். கொண்டுபோனேன்.

'இது நம்ம ரிங் ஃபிரேம்ல இருக்கிற டிராஃப்டிங்தானம்மா. இன்னைக்கு மத்தியானம் நான் செட்டிங் பண்ணிட்டு வந்ததும் இதே வேலைதான்.'

ரிங் ஃபிரேம் என்பது இன்றைய நூற்பு இயந்திரம், டிராஃப்டிங் என்பது பஞ்சை இழுத்து மெலிதாக்குவது. இது இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இயந்திரம். அப்பா அதை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டார். வழிகாட்டி அம்மாவிடம் சொன்னேன், 'என் அப்பா இந்தியாவில் நூற்பாலை ஃபிட்டர்' என்று. அவர் சட்டென்று போனுக்கு முன்னால் வந்து வணக்கம் சொல்லி, 'ரோலரில் நூல் சுற்றிக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான் மொழிபெயர்த்தேன். கொக்கி மாதிரி ஒரு கத்தி வைத்து அறுத்து எடுப்பதைக் கையாலேயே செய்து காட்டினார். உறையாத தண்ணீரைப் பற்றிச் சொன்னதும், 'அப்ப மில் வருஷம் பூரா நிக்காம ஓடியிருக்கும்' என்றார். அப்புறம், 'சின்னப் பிள்ளைங்கள வச்சா ஓட்டினாங்க?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு நார்த் ஸ்ட்ரீட் போனேன். 1776 வாக்கில் ஆர்க்ரைட் தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய வீடுகள். எதிரெதிர் வரிசைகளில் மூன்று மாடிக் கல்வீடுகள், இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மேல்மாடியில் மட்டும் ஜன்னல் நீளமாக இருக்கிறது. தறிக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காக. பெண்களும் பிள்ளைகளும் மில்லில் நூற்க, ஆண்கள் மேலே நெய்திருக்கிறார்கள். சத்திரப்பட்டியில் தாத்தாவின் தறி நின்ற தாழ்வாரத்தில் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். மத்தியானம் அதிலிருந்து வெயில் சதுரமாகப் பாவின் மேல் விழும். அந்தச் சதுரம் நகர நகரத் தாத்தா மணி சொல்வார். அந்தத் தெருவில் நின்றபோது அது அப்படியே கண்முன் வந்தது.

மில்லைவிட்டு வந்து கால்வாய்க் கரையில் ஒரு மைலுக்கு மேல் நடந்தேன். மரமெல்லாம் பழுத்த மஞ்சள். தண்ணீரில் இலை மிதந்து, கால்வாய் எது கரை எது என்று தெரியவில்லை. மாட்லாக் வரை போய்ப் பேங்க் ரோட்டில் ஏறிப் பார்க்கவும் ஆசைதான். நாலேகாலுக்குச் சூரியன் இறங்கிவிட்டது. அது இன்னொரு சனிக்கிழமைக்கு.

மொத்தச் செலவு பஸ், ரயில், டீ எல்லாம் சேர்த்து இந்த மாத நாற்பதுக்குள் அடங்கிவிட்டது. புளியோதரை வீட்டிலிருந்து.

---

டெர்பி மலர் | 9 நவம்பர்

மாட்லாக்குக்கு வரும்போது சொல்லுங்கள், டெர்பி ஸ்டேஷனில் வந்து சேர்ந்துகொள்கிறேன். பேங்க் ரோட்டில் சேர்ந்தே ஏறுவோம். அப்பாவுக்கு என் வணக்கம்.

---

நாகைக்காரன் | 10 நவம்பர்

நான் முன்பு எழுதியதை முழுக்க மாற்றிக்கொள்ளவில்லை. ஸ்டோன்ஹெஞ்ச் பார்த்ததில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த மாதம் பாத்துக்கு மட்டும் தனியாக ஒரு நாள் டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்த முறை உள்ளே போவேன்.

பஞ்சாலைமகள், அடுத்து எங்கே?

---

பஞ்சாலைமகள் | 10 நவம்பர்

டர்ஹம். 1093இல் கட்ட ஆரம்பித்த கதீட்ரல், நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயில் உயரமான பாலத்தின் மேல் ஊருக்குள் நுழையும்போதே கதீட்ரல் முழுசாகத் தெரியுமாம். போகும்போது எந்தப் பக்க ஜன்னலில் உட்கார வேண்டும், யாருக்காவது தெரியுமா?

---

தென்காசி மாறன் | 10 நவம்பர்

வடக்கே போகும்போது வலது பக்கம். பவர்பேங்க் மறக்காதீர்கள்.